வெள்வேலிலிருந்து உடை மரம் வரை: காங்கேயத்திலிருந்து கடலுக்கு எந்தத் தடம்?

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் காங்கேயத்திலிருந்து மேற்கு, கிழக்கு, தெற்கு என்று எந்தப் பக்கம் காரைத் திருப்பினாலும் ஒரு பகலுக்குள் கடல் வந்துவிடும். மேற்கே பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் பொன்னானி. சுமார் 200 கிலோமீட்டர். கிழக்கே கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம், சுமார் 300. தெற்கே தாராபுரம், திண்டுக்கல், மதுரை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அது 300க்குக் கொஞ்சம் மேலே.

பெங்களூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் அழைத்தான். "அண்ணா, பிள்ளைகளுக்கு ஆட்டுப்பட்டியையும் காட்ட வேண்டும், கடலையும் காட்ட வேண்டும். மூன்று நாள்தான் இருக்கிறது. எந்தத் தடம் நல்லது?" என்று கேட்டான். மூன்று தடத்திலும் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். தெற்கே போ என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தை அலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தடத்தில் போனாலும் புறப்படும் இடம் ஒன்றுதான் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் சாலையில் ஊதியூர் மலையைத் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். இருபுறமும் முள் கிளுவை வேலி வரும். கம்பி, கல்தூண் எதுவும் இல்லாத உயிர்வேலி அது. குச்சியை வெட்டி நட்டால் துளிர்த்து, பின்னிக்கொண்டு, ஆடு நுழைய முடியாத சுவராகிவிடும். வேலிக்குள் இருப்பது கொறங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் ஆட்டை அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டு முதல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டின் வயிற்றை நிரப்பும். மழை குறைந்த எங்கள் சீமையில் காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் பிழைத்து நிற்பது இந்தக் காட்டை நம்பித்தான்.

மேச்சேரி ஆட்டுக்கு மயிலம்பாடி ஆடு என்றும் பெயர் உண்டு. இளம் பழுப்பு நிறம். கம்பளி கிடையாது, மழமழவென்ற குட்டை முடிதான். தோல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பதால் தோல் வியாபாரிகளிடம் தனி மதிப்பு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த ஒரு ரகத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பார்த்தால், ஆடுகள் ஆள் துணை இல்லாமல் வேலிக்குள் தாமாகவே மேய்ந்துகொண்டிருப்பது தெரியும். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு வேண்டுகோள். வேலி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மிச்சச் சோற்றையும் எலும்பையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதைத் தின்ன வருகிற தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் இறங்குகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்கள் பட்டியில் ஏழு குட்டிகள் கழுத்துக் கடிபட்டுக் கிடந்தன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் இப்படி ஆட்டைப் பறிகொடுத்து, செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடிய குடும்பங்கள் எத்தனையோ. மிச்சத்தைப் பையில் கட்டி எடுத்துப்போய் ஊர்க் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இப்போது மேற்குத் தடம். ஒரே நாளில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர்களுக்கு இதை விட்டால் வழி இல்லை. பொள்ளாச்சி தாண்டும் வரை காற்றாலைகளும் தென்னந்தோப்புகளும் கூடவே வரும். கேரள எல்லையைத் தாண்டியதும் நெல்வயல், பனை, ஓட்டு வீடு. ஆனைமலைப் பக்கம் பிறக்கிற பாரதப்புழை ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புரம் என்று பக்கத்திலேயே ஓடிவந்து பொன்னானியில் கடலில் கலக்கிறது. ஓர் ஆற்றோடு சேர்ந்தே கடலுக்குப் போகிற சுகம் அங்கே உண்டு. ஆடி மாதத்தில் போனால் எங்கள் ஊரில் புழுதி பறக்கும்போது அங்கே தூறல் விழுந்துகொண்டிருக்கும். மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பொள்ளாச்சி வந்துவிடலாம்.

ஆனால் ஆடு? பொள்ளாச்சியோடு தீர்ந்துபோகிறது. அதற்கு அப்பால் நம் கால்நடையைக் கேரளத்துக்குப் போகிற லாரியின் பின்பலகைக்கு மேலே தலை நீட்டியபடிதான் பார்க்க முடியும். பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்தைக் காட்டப் புறப்பட்டவன் அவர்களை அந்த லாரிக்குப் பின்னால் கூட்டிப்போக வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் கொந்தளித்துக் கிடக்கும். சாலை அழகாக இருக்கிற அதே மாதங்களில் கடலில் கால் வைக்கக்கூட யோசிக்க வேண்டும். சாலைக்காகப் போகிறவர்களுக்கு ஆடி, கடலுக்காகப் போகிறவர்களுக்கு மார்கழி.

கிழக்குத் தடத்தைப் பலர் நெடுஞ்சாலைப் பயணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கரூர் தாண்டிக் குளித்தலைப் பக்கம் போனால் காவிரி இடப்புறமாகவே வரும். வாழைத்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் அடர்ந்த அந்தப் பாதையில் எனக்கு ஒரு நாளும் சலிப்பு வந்ததில்லை. திருச்சி தாண்டி, தஞ்சாவூருக்கு அப்பால் நிலம் தட்டையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சம்பா நாற்று. அது கொங்குக்காரனுக்கு ஏக்கம் தருகிற பச்சை.

ஆடு பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தடத்தில் மாசி, பங்குனியில் போக வேண்டும். அறுவடை முடிந்த வயல்களுக்கு இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் மந்தை மந்தையாக ஆடுகளை ஓட்டிவருவார்கள். பகலில் அறுத்த பயிரின் தாளில் மேய்த்துவிட்டு இரவில் ஒரு வயலில் கிடை போடுவார்கள், அதாவது மந்தையை அங்கேயே அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு எரு. வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். ஒரு பங்குனி மாலையில் திருவாரூருக்குப் பக்கத்தில் கிடை அடைப்பதைப் பார்த்தேன். நானூறு ஐந்நூறு ஆடுகள் இருக்கும். அன்று பிறந்த குட்டிகளை ஓர் அம்மா கூடைக் கூண்டுக்குள் தனியாக விட்டுக்கொண்டிருந்தார்; வெளியே தாயாடுகள் கத்துகின்றன, உள்ளே குட்டிகள் கத்துகின்றன, எந்தக் குரல் எந்தத் தாய்க்கு என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெயிலிலும் பனியிலும் கிடக்கிற வாழ்க்கை அது. நின்று பார்க்கிறவர்கள் அந்த உழைப்புக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

இந்தத் தடத்தின் குறை, ஆடு கண்ணில் படுவது கிடை எந்த வயலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று நாள் விடுப்பில் வருகிறவன் அதை நம்பி வர முடியாது. வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ வேண்டுதல் இருப்பவர்களும், கோடியக்கரையில் பறவை பார்க்கிறவர்களும் இந்தத் தடத்திலேயே போகலாம். அவர்களைத் தெற்கே திரும்பச் சொல்ல மாட்டேன்.

தெற்கே இரண்டு கிளை உண்டு. மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக இராமேசுவரம் போவது ஒன்று. பாம்பன் பாலமும், 1964 புயல் அழித்த தனுஷ்கோடியும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்க வேண்டியவை. ஆனால் அந்தச் சாலையில் சீமைக்கருவேலம் இருபுறமும் மண்டி நிலத்தை மறைத்துவிடுகிறது. அதனால் நான் தேர்ந்தெடுப்பது மற்றக் கிளை: மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம், பிறகு கடல்.

கிழமைக் கணக்கும் இந்தத் தடத்துக்குத் துணையாக நிற்கிறது. மூலனூர் பக்கத்துக் கன்னிவாடியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. எட்டயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. வெள்ளி காலை ஒன்று, சனி காலை மற்றது, சனி மதியம் கடல். (திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு கன்னிவாடி உண்டு. அலைபேசியின் வழிகாட்டி அங்கே கொண்டுபோய் விட்டுவிடாமல், மூலனூர் கன்னிவாடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

போன வருடம் மாசியில் என் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, கூட்டிக்கொண்டு இப்படித்தான் போனேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆடு வைத்திருந்தவர். கன்னிவாடிச் சந்தைக்குள் நுழைந்ததும் அவருடைய நடையே மாறிவிட்டது. ஒரு கிடாய்க் குட்டியின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பல் பார்த்தார். "இரண்டு பல் போட்டிருக்கிறது" என்றார். அப்படியென்றால் வயது ஒன்றைத் தாண்டி ஒன்றரையை ஒட்டி இருக்கும். பிறகு உள்ளங்கையை அதன் முதுகில், இடுப்புக்கு மேலே வைத்து அழுத்தினார். எலும்பு கையில் தட்டுகிறதா, சதை நிறைந்து கிடக்கிறதா என்று அந்த ஒரு தொடுதலில் தெரிந்துவிடும். எடை போடும் இயந்திரம் பக்கத்தில் இருந்தாலும் வியாபாரிகள் முதலில் நம்புவது கையைத்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஓரமாக நின்று இதைப் பார்க்கட்டும். விடிவதற்கு முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடுவதால் எட்டு மணிக்குப் போய் நின்றால் பாதிச் சந்தை கலைந்திருக்கும்.

அங்கிருந்து மூலனூர், தாராபுரம் வழியாக ஒட்டன்சத்திரம் போகும்போது எதிரே கொடைக்கானல் மலைத்தொடர் நீல நிறத்தில் எழுந்து நிற்கும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரை இடப்புறம் சிறுமலை. மலையைத் தவிர அந்த நான்குவழிச் சாலையில் சொல்ல ஒன்றும் இல்லை, கடந்துவிடுங்கள். இரவு மதுரையிலோ அருப்புக்கோட்டையிலோ தங்கலாம். சந்தைக்கு நேரத்தோடு போக அருப்புக்கோட்டைதான் வசதி.

மண் மாறுவது அருப்புக்கோட்டைக்கு அப்பால்தான். எங்கள் ஊர்ச் செம்மண்ணும் சரளையும் போய்க் கரிசல் வந்துவிடும். தை மாதம் போனால் கொத்தமல்லியும் கம்பும் பருத்தியும் நிற்கும். நாங்கள் போன மாசியில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கிளைச்சாலைகளில் கதிரைப் பரப்பிச் சாலையையே களமாக்கியிருந்தார்கள். மல்லி வாசம் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தானியத்தின் மேல் வண்டியை ஏற்றாமல் ஓரமாகப் போங்கள். மழை பெய்த மறுநாள் தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூடக் கீழே இறக்காதீர்கள். ஈரக் கரிசல் பிடித்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

எட்டயபுரத்தில் சந்தை முடிந்ததும் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தோம். முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் அந்த ஊரிலேயே இருக்கிறது. பிறகு தூத்துக்குடிக்கு நேரே போகாமல் விளாத்திகுளம் பக்கம் திரும்பினோம். நேரே போனால் ஒரு மணி நேரத்துக்குள் தூத்துக்குடி. விளாத்திகுளம், வேம்பார் என்று சுற்றினால் அரை நாள். அந்த அரை நாளுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

விளாத்திகுளத்துக்கு முன்னால் ஒரு மந்தை சாலையைக் கடந்தது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் புள்ளி தெறித்த ஆடுகள். வேம்பூர் ஆடு, இந்தப் பக்கம் பொட்டு ஆடு என்பார்கள். ஊடே தாடையும் வயிறும் கறுத்த கீழக்கரிசல் ஆடுகள் சில. அப்புச்சி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். "கால் நீளத்தைப் பார் கண்ணு. நம் ஆடு வேலிக்குள் நின்று மேய்கிற ஆடு. இது நடந்து மேய்கிற ஆடு" என்றார். வேலியே இல்லாத நிலத்தில் ஒரு நாளைக்குப் பல மைல் நடந்து வயிற்றை நிரப்ப வேண்டிய ஆட்டுக்குக் கால் நீண்டிருக்கிறது. எனக்கு அதைப் புத்தகம் சொல்லித்தரவில்லை. முந்தின நாள் கொறங்காட்டைத் தாண்டி வந்த கண்ணோடு பார்த்ததால்தான் புரிந்தது. மேற்கிலும் கிழக்கிலும் எனக்குக் கிடைக்காதது இது.

மந்தைக்காரர் குடையை விரித்தாற்போல் தலை பரந்த ஒரு மரத்தின் கீழே நின்று துரட்டியால் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். சுருண்ட நெற்றுகள் பொலபொலவென்று விழ, ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொறுக்கின.

"இது என்ன மரம் தம்பி?" என்று அப்புச்சி கேட்டார்.

"உடை மரம் ஐயா. கோடைக்கு இதுதான் எங்களுக்குச் சோறு. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?"

"காங்கேயம் பக்கம் தம்பி. எங்கள் ஊரில் வெள்வேலங்காய்."

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருவரும் ஆட்டுக்கு வருகிற நோய், குட்டி தங்குகிற கணக்கு, இந்த வருடத்து விலை என்று பேசினார்கள். நான் குறுக்கே பேசவில்லை. கிளம்பும்போது அப்புச்சி ஒரு கை உடை நெற்றை வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். ஊர் வந்ததும் பட்டியில் போட்டார். எங்கள் ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்று விடாமல் தின்றன.

விளாத்திகுளத்துக்கு அப்பால் உடை மரம் அடர்ந்து, பிறகு பனை கூடிக்கொண்டே போகும். வேம்பாரில் கடல். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வைப்பாறு, தருவைகுளம். ஆற்றுப் படுகை பெரும்பாலும் மணலாகக் கிடக்கும்; அதில் மந்தை இறங்கிப் போவதைப் பாலத்திலிருந்து பார்த்தோம். தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளம். கரையில் ஓலை வேய்ந்த பழைய உப்பு அம்பாரங்கள், பாத்திகளில் புதிதாகப் பாய்ச்சிய கடல்நீர். மன்னார் வளைகுடா பெரும்பாலும் அலை அடங்கிய கடல். பொன்னானியின் இரைச்சலை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது குளம்போலத் தோன்றும். எனக்கு அந்த அமைதி பிடித்திருக்கிறது. பிள்ளைகள் அலையில் குதிக்க வேண்டுமென்று அடம்பிடித்தால் ஞாயிறு காலையில் திருச்செந்தூர் வரை போய்வரலாம், சுமார் 40 கிலோமீட்டர்தான்.

வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் தங்கும் விடுதியை நம்ப வேண்டாம். இரவுக்குத் தூத்துக்குடியிலேயே அறை எடுங்கள். மறுநாள் துறைமுகப் பக்கம் சூரியோதயம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்கிற மக்ரூனைச் சூடு ஆறியதும் டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் குறைவாக, விலை கூடுதலாக. அந்த மாதங்களில் கரிசல் வெயிலையும் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். மே மாதம்தான் விடுப்பு என்றால் என் யோசனை மாறிவிடும். ஊதியூர்க் கொறங்காட்டைக் காலையில் காட்டிவிட்டுப் பொன்னானிக்கே போய்விடுங்கள்.

தெற்குத் தடத்துக்கு ஏற்றது மார்கழி நடுவிலிருந்து தை முடிய. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். வெயில் உறைக்காது. தை முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பொங்கலுக்குச் சாலையெல்லாம் வண்டி, சந்தைகளுக்குள் நடக்க இடம் இருக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் தம்பி தை மூன்றாம் வாரம் என்று முடிவு செய்திருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை ஈரோட்டில் வந்து இறங்குவதாக ரயில் டிக்கெட் எடுத்திருந்தான். ஈரோட்டில் இறங்கிக் கன்னிவாடி போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடும் என்று சொன்னேன். வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அப்புச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மந்தைக்காரருக்குக் கொடுக்க அரைச் சாக்கு வெள்வேலங்காய் எடுத்துவைத்திருக்கிறார்.